பெயரடையைத் தொடரும் வினையெச்சம்: ஓர் ஆங்கிலத் தொடரும் தமிழ் வகுப்பறையும்

‘ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்’ என்பது ஓர் ஆங்கில வாக்கியம். ‘ஜான் இஸ் ஈசி டு ப்ளீஸ்’ என்பது இன்னொன்று. ஒரு பெயரடையைத் தவிர இரண்டுக்கும் சொல்லிலோ வரிசையிலோ வேறுபாடு இல்லை. ஆயினும் முதலாவதில் பிறரை மகிழ்விக்கத் துடிப்பவன் ஜான். இரண்டாவதில் ஜானைப் பிறர் மகிழ்விக்கிறார்கள். அது அவர்களுக்கு எளிதாக இருக்கிறது. ‘ப்ளீஸ்’ என்ற வினைக்கு ஜான் ஓரிடத்தில் வினைமுதல், மற்றோரிடத்தில் செயப்படுபொருள். இந்தத் தலைகீழ் மாற்றத்தை வாக்கியத்தின் எந்த உறுப்பு உணர்த்துகிறது? உருபு ஏதும் இல்லை, சொல்வரிசையும் மாறவில்லை. பிறகு கேட்பவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்?

இந்தக் கேள்வி மொழியியலாருக்கு மட்டும் உரியதன்று. இருமொழிக் கொள்கை 1968 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டில் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் இந்தத் தொடரைச் சந்தித்தே தீர வேண்டும். பாலாற்றங்கரையில் உள்ள பழையசீவரத்திலோ, அடுத்துள்ள வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரங்களிலோ வீட்டில் தமிழ் மட்டும் பேசி வளரும் ஒரு பிள்ளை, ‘திஸ் லெசன் இஸ் டிஃபிகல்ட் டு அண்டர்ஸ்டாண்ட்’ என்பதைப் படித்துப் பொருள் கொள்கிறது. அதே பிள்ளை தன் நிலையைச் சொல்லும்போது ‘ஐ ஆம் டிஃபிகல்ட் டு அண்டர்ஸ்டாண்ட் திஸ் லெசன்’ என்று எழுதிவிடுகிறது. ஏன் இப்படி நிகழ்கிறது, எப்படி விளக்கினால் தெளியும் என்பதற்குப் பல காலமாகப் பல விடைகள் தரப்பட்டிருக்கின்றன. அவற்றின் பிறப்பிடங்களையும் குறைகளையும் வரிசைப்படுத்திப் பார்ப்பதும், தமிழ் இலக்கண மரபு இதில் என்ன சொல்ல முடியும் என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

எதிர்க்கரையில் ஒரு பழைய விடை

பழையசீவரத்துக்கு எதிரே, பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலின் நீண்ட கல்வெட்டு வீரராஜேந்திர சோழன் (ஆட்சி 1063–1070) காலத்தது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனைக்காக அது பெரிதும் அறியப்படுகிறது. கோயிலைச் சார்ந்து வேதமும் வியாகரணமும் கற்பித்த கல்விச்சாலையைப் பற்றியும் அது பேசுகிறது. அங்கே வியாகரணம் என்றால் பாணினியின் மரபு. அம்மரபில் நம் கேள்விக்கு நெருங்கிய ஒரு விடை உண்டு.

எளிமையையும் அருமையையும் குறிக்கும் ‘சு’, ‘துஸ்’ போன்ற முன்னொட்டுகள் வினையடியோடு சேரும்போது ‘கல்’ என்னும் தனி விகுதி வரும் என்கிறார் பாணினி. சுகரம், துஷ்கரம், சுலபம், துர்லபம் எல்லாம் இவ்வாறு பிறந்தவை. இந்த விகுதி செயலையோ செயப்படுபொருளையோ குறிக்கலாம். செய்பவனைக் குறிக்காது என்று இன்னொரு விதி கட்டுப்படுத்துகிறது. ‘சுலபம்’ என்பது பெறுவதற்கு எளிய பொருள். எளிதாகப் பெறுகிற ஆளன்று. மறுபக்கம், ‘வல்லவன்’, ‘போதுமானவன்’ என்ற பொருள் தரும் சொற்களோடு ‘தும்’ என்னும் வினையெச்சம் வரும் என்பது மற்றொரு விதி. உண்ண வல்லவன் என்றால் உண்பவன் அவனே. அதாவது ஆங்கிலம் ஒரே வடிவில் புதைத்துவைத்த இரண்டு உறவுகளைப் பாணினி விவரித்த மொழி இரண்டு விகுதிகளால் பிரித்தே காட்டியது. அக்கல்விச்சாலையில் வியாகரணம் பயின்றவர்களுக்கு இந்தப் பிரிவு புதிதாக இருந்திருக்காது.

இந்த விடையின் எல்லையும் தெளிவானது. இது சொல்லாக்க விதி. விகுதியே வேறுபாட்டைச் சொல்லிவிடுவதால், விகுதி இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு இது வழிகாட்டாது. ஒரு மொழிக்கு அமைந்த கருவியை இன்னொரு மொழிக்குப் பொருத்துவதில் உள்ள இடரையும் அதே காலம் நமக்குக் காட்டுகிறது. வீரராஜேந்திரன் பெயரால் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் காரகம், தத்திதம், தாது ஆகிய வடமொழிப் பகுப்புகளைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தது. சில இடங்களில் அது புதிய வெளிச்சம் தந்தது. சில இடங்களில் தமிழின் இயல்பை நெருக்கியது. ஆங்கிலத்தைத் தமிழருக்கு விளக்க முயன்ற பிற்காலத்தாருக்கும் இதே சிக்கல் நேர்ந்தது.

நெஸ்ஃபீல்டும் ரென்–மார்ட்டினும்

இந்தியப் பள்ளிகளில் நீண்ட காலம் கோலோச்சிய ஆங்கில இலக்கணங்கள் ஜே. சி. நெஸ்ஃபீல்டுடையவை. வட இந்தியாவில் கல்வித்துறை அதிகாரியாக இருந்த அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய நூல்கள் சென்னை மாகாணத்திலும் பரவின. ‘டு’ சேர்ந்த எச்சத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். பெயர் போல நின்று எழுவாயாகவோ செயப்படுபொருளாகவோ வருவது ஒன்று. நோக்கம் காட்டியோ பெயரையும் பெயரடையையும் தழுவியோ வருவது மற்றொன்று. இதை அவர் ‘ஜெரண்டியல் இன்ஃபினிட்டிவ்’ என்றார். 1930களில் வெளிவந்து இன்றுவரை விற்பனையாகும் ரென், மார்ட்டின் இலக்கணமும் இந்தப் பிரிவையே ஏற்றது.

இதற்கு வரலாற்று ஆதாரம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் வெறும் எச்சம் வேறு, ‘டோ’ என்ற முன்னிடைச்சொல்லோடு நான்காம் வேற்றுமை வடிவில் வந்த எச்சம் வேறு. பின்னதிலிருந்தே இன்றைய ‘டு’ வடிவம் வந்தது. ‘படிப்பதற்கு எளிது’ என்று தமிழில் தொழிற்பெயரோடு குவ்வுருபு வருவதைப் போன்ற அமைப்பு அது. இந்த ஒற்றுமையைக் கண்டால் தமிழ் மாணவருக்கு ஆங்கிலம் சற்று நெருங்கி வரும். பாடநூல்கள் இதைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

வரலாறு சரி, இன்றைய பொருளை அது விளக்கவில்லை என்பதே இம்மரபின் குறை. ‘மாம்பழம் தின்ன நன்று’, ‘மாணவர் கற்க ஆவலுடையவர்’ என்ற இரண்டு வகை வாக்கியங்களையும் இம்மரபு ‘பெயரடையைத் தழுவிய எச்சம்’ என்ற ஒரே தலைப்பில் வைத்தது. மாம்பழம் தின்னாது, மாணவர் கற்பார் என்ற வேறுபாட்டுக்கு அங்கே இடமில்லை. டேனிஷ் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் மட்டும் இதைக் கூர்ந்து கவனித்தார். வாக்கியத்தின் எழுவாயை நோக்கித் திரும்பி அதைத் தன் செயப்படுபொருளாகக் கொள்ளும் எச்சத்துக்கு ‘பின்னோக்கிச் செல்வது’ என்ற பொருளில் தனிப் பெயரே வைத்தார். நம் பள்ளி இலக்கணங்களை அந்தப் பார்வை எட்டவில்லை.

வாய்பாட்டுப் பயிற்சி

1950களில் சென்னை மாநிலம் வேறு வழியில் இறங்கியது. விதிகளை ஒப்பிப்பதை விட்டு, படிநிலைப்படுத்திய வாக்கிய அமைப்புகளை வாய்மொழிப் பயிற்சியால் பழக்குவது என்ற கொள்கை பாடத்திட்டமானது. தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி தர எடுத்த முயற்சி ‘மெட்ராஸ் ஸ்நோபால்’ என்ற பெயரில் 1962இல் ஆங்கிலக் கல்வி இதழ் ஒன்றில் விவரிக்கப்பட்டது. இந்தச் சிந்தனைக்குத் துணைநின்ற நூல்களில் ஒன்று 1954இல் வந்த ஏ. எஸ். ஹார்ன்பியின் வாய்பாட்டு நூல். அதில் வினைக்கும் பெயருக்கும் போலவே பெயரடைக்கும் தனி வாய்பாடுகள் உண்டு.

இவ்வழியின் பயன் சிறிதல்ல. ஆங்கிலமே காதில் விழாத ஊர்களில் பிள்ளைகள் வாய் திறந்து வாக்கியம் சொன்னார்கள். ஆனால் நம் கேள்வியில் இம்முறை வலுவிழக்கிறது. எழுவாய், ‘இஸ்’, பெயரடை, ‘டு’ வினை என்று கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லை மாற்றிச் சொல்லப் பழக்கும்போது ‘ஈசி’யும் ‘ஈகரு’ம் ஒரே கட்டத்தில் அமர்கின்றன. வடிவம் மனத்தில் பதிகிறது. யார் செய்கிறார், யாருக்குச் செய்யப்படுகிறது என்பது பதிவதில்லை.

பிற்கால விவரண இலக்கணங்கள் இந்தக் குறையைப் பட்டியலால் நிரப்பின. 1985இல் வெளியான குவர்க் குழுவினரின் பேரிலக்கணம் இந்த ஒரே வடிவத்தில் ஏழு வகைகளைக் கண்டது. 1998இல் வந்த கோபில்டு வாய்பாட்டு நூல் பெருந்தரவுகளை அலசி, இவ்வமைப்பில் வரும் பெயரடைகளைப் பொருட்குழுக்களாக அடுக்கியது. ஆசிரியர் கையருகே வைத்துக்கொள்ள வேண்டிய நூல்கள் இவை. எந்தப் பெயரடை எந்தக் குழுவில் சேரும் என்று சொல்வதே இவற்றின் வேலை. ஏன் அப்படிச் சேர்கிறது என்ற கேள்விக்குள் அவை நெடுந்தூரம் செல்வதில்லை.

1960க்குப் பின்: புதைந்திருக்கும் அமைப்பு

‘ஏன்’ என்ற கேள்வியைக் கையில் எடுத்தவர்கள் ஆக்கமுறை இலக்கணத்தார். ராபர்ட் லீஸ் 1960இல் ‘லாங்க்வேஜ்’ இதழில் எழுதிய கட்டுரை, பெயரடையும் எச்சமும் சேர்ந்த ஒரே தொடர் எத்தனை வகையாகப் பொருள்படும் என்று ஆராய்ந்தது. நோம் சோம்ஸ்கி 1964இல் வெளியிட்ட நூலில் ‘ஈகர்’, ‘ஈசி’ இணையைக் கொண்டு, மேற்பரப்பில் ஒன்றுபோல் தோன்றும் வாக்கியங்கள் அடியில் வேறு அமைப்புகளைக் கொண்டிருக்கலாம் என்று வாதிட்டார். இரண்டையும் பெயராக்கிப் பார்த்தால் வேறுபாடு வெளிப்படும் என்பது அவர் 1970இல் வலியுறுத்திய சோதனை. ஜானின் ஆவலைப் பற்றி அப்படி ஒரு பெயர்த்தொடரை ஆங்கிலத்தில் அமைக்கலாம். ஜானின் ‘ஈசினெஸ் டு ப்ளீஸ்’ என்று அமைக்க முடியாது.

அடியமைப்பு வேறு என்பதில் பிறகு பெரிய சண்டை இல்லை. ‘ஜான்’ எழுவாய் இடத்துக்கு எப்படி வந்தான் என்பதில்தான் அரை நூற்றாண்டு வாதம். செயப்படுபொருள் இடத்தில் பிறந்து எழுவாய் இடத்துக்கு உயர்ந்தான் என்பது ஒரு கட்சி. 1967இல் ரோசன்பாமும் 1971இல் போஸ்டலும் எழுதிய நூல்கள் இதற்கு வலுவூட்டின. எழுவாய் தொடக்கத்திலிருந்தே அங்கேதான் இருந்தது, எச்சத்துக்குள் இருந்த அதே பெயர் நீக்கப்பட்டது என்பது இன்னொரு கட்சி. லாஸ்னிக், ஃபியெங்கோ இருவரும் 1974இல் இதை முன்வைத்தனர். எச்சத்துக்குள் ஒலிவடிவம் இல்லாத ஒரு வினாச்சொல் போன்ற உறுப்பு நகர்கிறது, எழுவாயோடு அது பொருளால் இணைகிறது என்று 1977இல் சோம்ஸ்கி சொன்னார். எழுவாய் உயர்ந்தது என்ற கருத்தையும் இந்த ஒலியற்ற உறுப்பையும் இணைக்க 2009இல் கிளின் ஹிக்ஸ் முயன்றார்.

‘உயர்ந்து வந்தது’ என்ற கருத்துக்கு எழும் ஒரு தடையைத் தமிழ் வாசகர் தம் செவியாலேயே சோதிக்கலாம். ‘பல வாசகர்களைத் திருப்திப்படுத்துவது கடினம்’ என்றால் பெருந்தொகையினரை ஒருசேரத் திருப்திப்படுத்துவதில் உள்ள சிரமம் தோன்றுகிறது. ‘பல வாசகர்கள் திருப்திப்படுத்தக் கடினமானவர்கள்’ என்றால் அப்படிப்பட்ட குணமுடையவர்கள் பலர் இருக்கிறார்கள் என்ற பொருளே முந்துகிறது. வெறும் இடமாற்றம் என்றால் பொருள் இப்படி விலகக் கூடாது. எழுவாயாக நிற்கும் பெயருக்கு ஒரு பண்பு ஏற்றப்படுகிறது. ‘அந்தக் கீர்த்தனை இந்த வீணையில் வாசிக்க எளிது’ என்பதும் ‘இந்த வீணை அந்தக் கீர்த்தனையை வாசிக்க எளிது’ என்பதும் ஒரே நிகழ்வைச் சொன்னாலும், முன்னது கீர்த்தனையின் இயல்பைப் பேசுகிறது, பின்னது வீணையின் இயல்பை.

இக்கொள்கைகளின் நுட்பம் வியக்கத்தக்கது. பள்ளி ஆசிரியருக்கு இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரே ஒரு கருத்து போதும்: வாக்கியத்தின் எழுவாயும் எச்சத்தின் வினைமுதலும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. மற்ற வாதங்கள் வகுப்பறைக்கு வெளியே தொடரலாம்.

குழந்தைகளிடம் நடந்த சோதனை

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே இது தாமதமாகத்தான் வாய்க்கிறது என்று காட்டியது கேரல் சோம்ஸ்கி 1969இல் வெளியிட்ட ஆய்வு. ஐந்து முதல் பத்து வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளிடம் கண் கட்டிய பொம்மையைக் காட்டி, இந்தப் பொம்மை ‘ஈசி டு சீ’யா, ‘ஹார்ட் டு சீ’யா என்று கேட்டார். சிறு பிள்ளைகள் பலர் ‘ஹார்ட்’ என்றனர். பொம்மையால் பார்க்க முடியாது என்று அவர்கள் கொண்டனர். எழுவாயே வினைமுதல் என்பது அவர்களின் எடுகோள். ஒன்பது வயதைக் கடந்தவர்கள் சரியாகச் சொன்னார்கள்.

கண் கட்டே குழந்தைகளைத் திசைதிருப்பியிருக்கலாம் என்ற மறுப்பு எழுந்தது. 1970இல் ரிச்சர்டு குரோமர் ஓநாய், வாத்துப் பொம்மைகளைக் கொண்டு யார் யாரைக் கடிக்கிறார் என்று நடித்துக் காட்டச் செய்து வேறு வகையில் சோதித்தார். தாமதம் உண்மை என்பது அதிலும் உறுதியாயிற்று. வயதைவிடப் பெயரடையைப் பற்றிய அறிவே தடை என்று கருதவும் இடம் கிடைத்தது. ‘எழுவாய்தான் செய்பவர்’ என்ற எடுகோளே பிழைக்கு வேர் என்றால், தமிழ் மாணவரின் பிழை முழுவதும் தமிழால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆங்கிலக் குழந்தை நின்ற படியில் அவரும் நிற்கிறார் என்பதும் ஒரு பங்கு உண்மை.

தொல்காப்பியம் கண்ட பிரிவு

தமிழ்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் முதல் தடை ‘பெயரடை’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலப் பெயரடைக்கு நேரான தனிச் சொல்வகை திராவிட மொழிகளில் இல்லை, பண்பைக் குறிக்கும் பெயர்களே அவ்வேலையைச் செய்கின்றன என்ற கருத்தைக் கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் முன்வைத்தார். நல்ல, பெரிய போன்றவற்றைத் தனி வகையாகக் கொள்ளலாம் என்பது தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட இக்காலத் தமிழிலக்கணத்தின் நிலை. இவ்விவாதம் முடியவில்லை. பயனிலை இடத்தில் நிலைமை தெளிவு: அங்கே தமிழ் ‘எளிது’, ‘அரிது’ என்ற குறிப்பு வினைமுற்றையோ, ‘சுலபம்’, ‘கஷ்டம்’ என்ற பெயரையோ வைக்கிறது.

‘செய’ என்னும் எச்சத்தை ‘இன்ஃபினிட்டிவ்’ என்று பெயரிட்டு அழைத்தவர்கள் ஐரோப்பிய இலக்கணத்தார். பெஸ்கி, போப், ஆர்டன் என்று தொடரும் அந்த மரபு கற்பவருக்கு உதவியது. தொல்காப்பியர் வகுத்த ஓர் அரிய வேறுபாட்டை அது பின்னுக்குத் தள்ளிவிட்டது. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பது கூறுகிறது. அவற்றுள் முதல் மூன்றான செய்து, செய்யூ, செய்பு ஆகியவை தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும். ‘உண்டு வந்தான்’ என்றால் உண்டவனும் வந்தவனும் ஒருவன். செய, செயற்கு முதலிய மற்றவை அந்த வினைமுதலின் வினையோடும் முடியலாம், வேறொருவர் வினையோடும் முடியலாம். ‘மழை பெய்யக் குளம் நிறைந்தது’ என்பதில் பெய்ததும் நிறைந்ததும் வெவ்வேறு. எச்சம் வினையைக் கொண்டு மட்டுமல்ல, குறிப்பையும் கொண்டு முடியும் என்றும் அந்நூலின் எச்சவியல் சொல்கிறது.

எச்சத்தின் வினைமுதல் யார் என்ற கேள்வியை இலக்கணத்தின் நடுவில் வைத்த பார்வை இது. ஆங்கில எச்சத்தைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுந்த வினாவும் இதுவே. தொல்காப்பியர் ‘ஈசி டு ப்ளீஸ்’ போன்ற தொடரை விளக்கினார் என்று சொல்வது மிகை. ஆனால் அந்த விளக்கத்துக்கு வேண்டிய கேள்வியைக் கேட்கும் கருவி அவரிடம் உண்டு. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பள்ளியில் அடுத்தடுத்த பாடவேளையில் வகுப்புக்குள் நுழைகிறார்கள். இந்தக் கருவி ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறாதது பேரிழப்பு.

தமிழ் பிரித்துக் காட்டும் விதம்

ஆங்கிலம் ஒரே ‘டு’ வடிவத்தால் சொல்பவற்றைத் தமிழில் இயல்பாகச் சொல்லிப் பார்த்தால் அவை வெவ்வேறு வடிவங்களாகச் சிதறுகின்றன. ‘ரெடி டு ஹெல்ப்’ என்பது ‘உதவத் தயார்’, அங்கே ‘செய’. ‘ஹார்ட் டு ட்ரான்ஸ்லேட்’ என்பது ‘மொழிபெயர்ப்பது கடினம்’. அங்கே தொழிற்பெயர் எழுவாயாகிவிடுகிறது. ‘ஸாரி டு ஹியர்’ என்பதற்கு ‘கேட்க வருந்துகிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘கேட்டு வருந்தினேன்’ என்பதே தமிழ். அங்கே ‘செய்து’ வருகிறது, வினைமுதலும் ஒன்றாகிவிடுகிறது. ‘ஃபூலிஷ் டு ட்ரஸ்ட் ஹிம்’ என்பது ‘அவனை நம்பியது முட்டாள்தனம்’. நடந்து முடிந்த செயல் என்பதால் இறந்தகாலத் தொழிற்பெயர். ‘லைக்லி டு ரெய்ன்’ என்றாலோ பெயரடையே கரைந்து ‘பெய்யக்கூடும்’ என்ற துணைவினையாகிறது.

ஆங்கிலம் மறைப்பதைத் தமிழ் வடிவத்திலேயே காட்டுகிறது என்றால், தமிழாக்கத்தை ஒரு சோதனைக் கருவியாகக் கொள்ளலாம். ஓர் ஆங்கிலப் பெயரடை எந்தத் தமிழ் எச்சத்தைக் கேட்கிறது என்று பார்த்தால் அது எந்த வகை என்பது பெரும்பாலும் புலப்படும். தாய்மொழியைத் தடையாகக் கருதி ஆங்கில வகுப்பிலிருந்து விலக்கிய காலம் நீண்டது. இந்த ஓர் இடத்திலாவது அந்த விலக்கு பிள்ளைகளுக்கு நட்டமாகவே முடிந்தது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

பிழைகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. ‘ஐ ஆம் டிஃபிகல்ட்’ என்ற பிழையின் வேர் ‘எனக்கு இந்தப் பாடம் புரிஞ்சிக்கக் கஷ்டமா இருக்கு’ என்ற வீட்டுப் பேச்சில் இருக்கிறது. ‘எனக்கு’ முதலில் நிற்பதால் மாணவர் அதை ‘ஐ’ ஆக்கிவிடுகிறார். அந்தக் குவ்வுருபுக்கு ஆங்கிலத்தில் நேரானது ‘ஃபார் மீ’. ‘இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு அண்டர்ஸ்டாண்ட்’ என்பதில் ‘எனக்கு’ எங்கே இருக்கிறது என்று கேட்டால் மாணவரே கண்டுபிடிப்பார்.

‘திஸ் பென் இஸ் ஈசி டு ரைட்’, ‘திஸ் சேர் இஸ் கம்ஃபர்டபிள் டு சிட்’ என்பவை வேறு வகைப் பிழைகள். இறுதியில் வர வேண்டிய ‘வித்’, ‘ஆன்’ விடுபடுகின்றன. இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்குவது சரியன்று. ‘பேனாவால் எழுதினேன்’ என்ற வாக்கியத்தில் உருபு இருக்கிறது. அதையே ‘நான் எழுதிய பேனா’ என்று திருப்பும்போது உருபு மறைகிறது. நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்ற ஆறும் பெயரெச்சத்துக்கு முடிபாகலாம் என்று தொல்காப்பியம் சொல்வதும் இந்த இயல்பைத்தான். உறவைப் பெயரும் வினையுமே உணர்த்திவிடும், உருபு வேண்டியதில்லை. ‘இந்தப் பேனா எழுத நல்லா இருக்கு’ என்பதிலும் அதே இயல்பு. ஆங்கிலம் அந்த உறவை விட மறுத்து முன்னிடைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் அநாதையாகவேனும் நிறுத்திவைக்கிறது. மாணவருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே: பேனாவைத் திரும்ப அதன் பழைய இடத்தில் வைத்து வாக்கியத்தைச் சொல்; அங்கே என்ன உருபு வந்ததோ அதற்கான ஆங்கிலச் சொல் கடைசியில் நிற்க வேண்டும்.

இந்தக் கருவிக்கும் வரம்பு உண்டு. ‘கோழி சாப்பிடத் தயார்’ என்றால் தமிழிலும் இரு பொருள்: இரை தின்னக் காத்திருக்கும் கோழி, இலையில் பரிமாறக் காத்திருக்கும் கோழி. ஆங்கிலத்தில் புகழ்பெற்ற இந்த இருபொருள் தமிழிலும் அப்படியே நிற்கிறது. ஆக, தமிழாக்கம் எல்லா இடத்திலும் தீர்ப்புச் சொல்லிவிடாது.

இலக்கணத்தைக் கற்பிக்கத்தான் வேண்டுமா

இத்தனை விளக்கமும் தேவையா என்ற கேள்வியும் நம் மண்ணிலேயே எழுந்தது. பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய திட்டம் பெங்களூர்த் திட்டம் என்று உலகெங்கும் அறியப்படுகிறது. சென்னை, கடலூர்ப் பள்ளிகளும் அதில் பங்கேற்றன. கால அட்டவணையைப் படிப்பது, வரைபடத்தில் வழி காண்பது போன்ற பணிகளில் மனம் ஈடுபட்டால் இலக்கணம் தானாக உருவாகும், அதைத் தனியே கற்பிக்க வேண்டாம் என்பது அவர் கருதுகோள். 1985இல் பெரெட்டாவும் டேவிஸும் வெளியிட்ட மதிப்பீடு அதற்கு ஓரளவு ஆதரவளித்தது. ஒப்பிட்ட வகுப்புகள் எல்லா வகையிலும் ஒத்தவை அல்ல என்பதால் அந்த முடிவைத் தயக்கத்தோடுதான் கொள்ள வேண்டும்.

நம் தொடரைப் பொறுத்தவரை பிரபுவின் கருத்துக்கு ஒரு சிறப்பான நெருக்கடி உண்டு. ‘ஐ ஆம் டிஃபிகல்ட் டு அண்டர்ஸ்டாண்ட்’ என்று சொன்னாலும் எதிரில் இருப்பவர் சூழலிலிருந்து கருத்தைப் பிடித்துக்கொள்கிறார். பணி முடிந்துவிடுகிறது, பிழை யாருக்கும் தட்டுப்படுவதில்லை. கருத்துப் பரிமாற்றம் தடைப்படாத இடத்தில் திருத்தம் எங்கிருந்து வரும்? நாள்முழுதும் ஆங்கிலம் ஒலிக்கும் சூழலில் வரலாம். பள்ளி மணி அடித்ததும் ஆங்கிலம் நின்றுபோகும் ஊர்களில், குறைந்தது இந்த ஓர் அமைப்புக்கேனும், வெளிப்படையான விளக்கம் தேவைப்படும் என்றே தோன்றுகிறது.

தீராத கேள்விகள்

மூன்று கேள்விகள் திறந்தே இருக்கின்றன.

தமிழிலேயே இந்த அமைப்பு என்ன என்பது முதல் கேள்வி. ‘இந்தப் பாடம் படிக்க எளிது’ என்பதில் ‘பாடம்’ எழுவாயா, ஐயுருபு தொக்க செயப்படுபொருளா? அஃறிணைப் பெயருக்கு ஐயுருபு கட்டாயமில்லை என்பதால் வடிவம் பதில் சொல்லாது. ‘முருகன் ஏமாற்ற எளிது’ என்பது செவிக்கு ஒவ்வவில்லை, ‘முருகனை ஏமாற்றுவது எளிது’ என்றே சொல்லத் தோன்றுகிறது. இது செயப்படுபொருள் என்ற பக்கம் சாய்கிறது. பக்தி மரபில் ‘காண்பதற்கு அரியவன்’ என்று இறைவனைச் சுட்டும் வழக்கோ, உயர்திணைப் பெயரும் இவ்வமைப்பில் பால்காட்டி நிற்கும் என்று காட்டுகிறது. பன்மையில் ‘இந்தப் பாடங்கள் படிக்க எளியவை’, ‘இந்தப் பாடங்கள் படிக்க எளிது’ என்ற இரண்டும் வழங்குகின்றன. முன்னதில் பயனிலை எழுவாயோடு இயைகிறது, பின்னதில் இயையவில்லை. இரண்டு அமைப்புகளும் தமிழில் அருகருகே வாழ்கின்றன என்பது தற்போதைக்குப் பொருந்தும் விடை. பேச்சில் ‘ஈஸி’, ‘கஷ்டம்’ என்ற மாறாத சொற்களே வருவதால் அங்கே இந்த இயைபுச் சோதனையும் செல்லாது.

பிழையில் தமிழின் பங்கு எவ்வளவு, வளர்ச்சிப்படியின் பங்கு எவ்வளவு என்பது அடுத்தது. முன்னிடைச்சொல் விடுபடுவதில் தமிழின் கை தெரிகிறது. ‘எழுவாயே செய்பவர்’ என்ற எடுகோளில் எல்லாக் குழந்தைகளும் பங்காளிகள். ‘ஐ ஆம் டிஃபிகல்ட்’ என்பது இரண்டும் சந்திக்கும் இடம். அதைப் பிரித்தறிய, எனக்கு என்ற வகை உருபு எழுவாய் போல நிற்காத மொழிகளைப் பேசும் மாணவர்களோடு ஒப்பிட வேண்டும்.

தமிழ் எச்சங்களைக் கொண்டு விளக்கிக் கற்பித்தால் அந்தத் தெளிவு தேர்வுத்தாளைத் தாண்டிப் பேச்சிலும் எழுத்திலும் நிலைக்குமா என்பது கடைசிக் கேள்வி. முதல் வகுப்பிலிருந்து ஆங்கிலவழியில் படித்து, தொழிற்பெயர், வினையெச்சம் என்ற சொற்களையே தமிழ்ப் பாடவேளையில் மட்டும் கேட்கும் பிள்ளைக்கு இந்த விளக்கம் எந்த அளவு உதவும் என்பதும் இதனுள் அடங்கும். உருபைத் தேடும் பயிற்சி பெற்ற வகுப்பையும் பெறாத வகுப்பையும் ஒரே வட்டாரத்தில் குறைந்தது ஓராண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் சோதித்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். அச்சோதனை கோடிட்ட இடத்தை நிரப்புவதாக இல்லாமல், மாணவர் தாமாக எழுதும் பத்திகளைக் கொண்டு அமைய வேண்டும்.